பிங் வருகிறது, டெல்நெட் மறுக்கிறது, நெட்கேட் சரி என்கிறது: சர்வர் நேரம் வாங்குகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நூல்மில்_அட்மின், கப்பலூர்

எல்லோருக்கும் வணக்கம். கப்பலூர் சிட்கோவில் ஒரு நூல் மில்லின் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். எங்கள் வருகைப்பதிவு சர்வரின் கடிகாரம் ஆறு நிமிடத்துக்கும் மேல் வேகமாக ஓடுகிறது. விரல்ரேகை வைக்கும் மெஷின்கள் இந்த சர்வரிடமிருந்துதான் நேரம் வாங்குகின்றன. காலை ஆறு மணி ஷிப்டுக்குத் திருமங்கலத்திலிருந்தும் திருநகரிலிருந்தும் சரியான நேரத்துக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு 'தாமதம்' என்று விழுகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் அரை மணி நேரச் சம்பளம் பிடித்தம். கேட்டில் தினமும் சண்டை.

சர்வர் டெபியன் 11, அதில் என்டிபிடி (வெளி நேர சர்வர்களைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் நிரல்) ஓடுகிறது. இரண்டு மாதம் போல முன்பு புதுப் பெட்டி வாங்கி எல்லாவற்றையும் நிறுவினோம். அதே வாரத்தில் இணைய இணைப்பும் ரவுட்டரும் மாறின. நேர சர்வராக இன்.பூல்.என்டிபி.ஆர்க் போட்டிருக்கிறேன்.

அந்த முகவரிக்கு பிங் போட்டால் பதில் வருகிறது. டெல்நெட்டில் 123 போர்ட்டை, அதாவது நேரச் சேவைக்கான வாசல் எண்ணைத் தட்டினால் இணைப்பு மறுக்கப்படுகிறது. நெட்கேட்டில் யுடிபி என்று சொல்லித் தட்டினால் 'வெற்றி' என்கிறது. மூன்றில் எதை நம்புவது? மொபைலில் தமிழ்க் கீபோர்டில் எழுதுவதால் கட்டளைகளை ஒலிப்பில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருமங்கலத்தான்

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள் தம்பி. நம்ம ஊர் கரண்ட் கட்டுக்கு அதுதான் முதலில் போகும்.

வைகைக்கரை

பேட்டரியாக இருக்காது அண்ணே. பேட்டரி செத்தால் பெட்டியை அணைத்து எழுப்பும்போது தேதியே பல வருடம் பின்னால் போய் நிற்கும். இங்கே இரண்டு மாதத்தில் ஆறு நிமிடம்தான். நாளுக்கு ஆறு நொடிக் கணக்கு, அதாவது பத்து லட்சத்துக்கு எழுபது பங்கு. யாரும் திருத்தாமல் விட்ட குவார்ட்ஸ் படிகம் இந்த அளவு ஓடுவது சாதாரணம். கடிகாரம் கெட்டுப்போகவில்லை, அதைத் திருத்த ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்றையுமே நம்பாதீர்கள்.

பிங் என்பது ஐசிஎம்பி, 'இருக்கிறாயா' என்று கேட்கும் செய்தி. அந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. டெல்நெட் டிசிபியில், அதாவது முதலில் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு பேசும் முறையில் தட்டும். நேர சர்வர் யுடிபி 123-இல் மட்டும்தான் காது கொடுக்கும், ஆகவே டெல்நெட் தோற்பதே முறை. அதை வைத்து 'போர்ட் மூடியிருக்கு' என்று இணைய நிறுவனத்தோடு சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நெட்கேட் சொல்லும் வெற்றிதான் இருப்பதிலேயே மோசம். யுடிபி போஸ்ட் கார்டு மாதிரி, போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகை கிடையாது. 'இங்கே அப்படி யாரும் இல்லை' என்று திரும்பி வராத வரைக்கும் நெட்கேட் அதை வெற்றி என்றே எழுதிவிடும். நடுவில் ஒரு ஃபயர்வால் (போக்குவரத்தை வடிகட்டும் காவல்) கார்டைக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தாலும் அதே வெற்றிதான்.

நேர சர்வரிடம் நேரத்தைக் கேட்டு, பதில் வருகிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் சோதனை. இந்த இரண்டையும் ஓட்டி வருவதைப் போடுங்கள்: 'என்டிபிகியூ -பி' (என்டிபிடி யார் யாரிடம் கேட்கிறது, பதில் வருகிறதா என்ற பட்டியல்), அப்புறம் 'என்டிபிடேட் -கியூ' கூடவே சர்வர் பெயர். -கியூ போட்டால் கேட்கும், காட்டும், கடிகாரத்தைத் தொடாது.

நூல்மில்_அட்மின்

நன்றி அண்ணே. என்டிபிகியூவில் நான்கு வரி வருகிறது. எல்லாவற்றிலும் ஸ்ட்ராட்டம் (மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி) 16, குறிப்புப் பெயர் .ஐஎன்ஐடி., ரீச் 0.

ஆனால் என்டிபிடேட் -கியூ பதில் கொடுக்கிறது! ஸ்ட்ராட்டம் 2, ஆஃப்செட் மைனஸ் 381 நொடி, அதாவது எங்கள் கடிகாரம் அவ்வளவு முன்னால். ஒரே பெட்டி, ஒரே கேபிள். ஒருத்தனுக்குப் பதில் வருகிறது, இன்னொருத்தனுக்கு வரவில்லை. தலை சுற்றுகிறது.

பசுமலை_நெட்வொர்க்

தலை சுற்ற வேண்டாம், பாதி வேலை முடிந்துவிட்டது.

முதலில் ரீச் பற்றி. அது பதின்ம எண் அல்ல, 0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும் உள்ள எண்ம எண். கடைசி எட்டு முறை கேட்டதில் எத்தனைக்குப் பதில் வந்தது என்பதை எட்டு பிட்டில் வைத்திருக்கும். முதல் பதில் வந்ததும் 1, அப்புறம் 3, 7, 17, 37, 77, 177, கடைசியில் 377. எட்டுக்கு எட்டும் வந்தால் 377. நடுவில் 376 என்று பார்த்தால் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை என்று பொருள். உங்களுக்கு 0, ஸ்ட்ராட்டம் 16, அதாவது நேரம் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த என்டிபிடிக்கு இதுவரை ஒரு பதில்கூட வரவில்லை.

அடுத்தது, உங்கள் இரண்டு கட்டளைகளும் வேறு வேறு வாசலிலிருந்து கேட்கின்றன. என்டிபிடி தன் பக்கமும் 123 போர்ட்டிலிருந்தே கேள்வியை அனுப்பும், பதிலும் 123-க்கே வர வேண்டும். என்டிபிடேட் -கியூ ஏதோ ஒரு பெரிய எண் போர்ட்டிலிருந்து கேட்கும், பதிலும் அந்த எண்ணுக்கு வரும். அப்படியானால் உங்கள் பக்கம் 123-ஐ நோக்கி உள்ளே வருவதை யாரோ மறிக்கிறார்கள். உறுதி செய்ய ஒரு முனையத்தில், போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் 'டிசிபிடம்ப் -என் யுடிபி போர்ட் 123' ஓட விட்டு, இன்னொன்றில் இரண்டையும் சோதியுங்கள். சர்வரிலேயே ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதி ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

நூல்மில்_அட்மின்

சர்வரில் ஃபயர்வால் எதுவும் இல்லை அண்ணே. டிசிபிடம்ப் நீங்கள் சொன்னபடியே காட்டுகிறது. என்டிபிடி அனுப்பும்போது 192.168.20.5, போர்ட் 123-லிருந்து கிளையண்ட் பாக்கெட், நீளம் 48, போகிறது. திரும்ப ஒன்றும் இல்லை. என்டிபிடேட் -கியூ ஓட்டினால் 40 ஆயிரத்துச் சொச்சம் போர்ட்டிலிருந்து போய் உடனே சர்வர் பாக்கெட், அதே 48, திரும்பி வருகிறது.

திருமங்கலத்தான்

அப்ப இணையக் கம்பெனிதான். போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை மாட்டி என்டிபிடியை ஓட்டிப் பாருங்கள். அதில் வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பசுமலை_நெட்வொர்க்

ஹாட்ஸ்பாட் இந்தக் கேஸில் சாட்சி சொல்லாது அண்ணே. மொபைல் நெட்வொர்க்கில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். 123-லிருந்து போனாலும் வழியில் அதை வேறு எண்ணாக மாற்றித்தான் வெளியே விடுவார்கள். அங்கே வேலை செய்யும், ஆனால் காரணம் வேறு. முதலில் மில்லின் ரவுட்டரைப் பாருங்கள். என்ன ரவுட்டர்?

நூல்மில்_அட்மின்

மைக்ரோடிக். இணைப்பு கொடுக்க வந்தவரே அமைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே போய்ப் பார்த்தேன். ஃபயர்வாலில் 'ரா' என்ற பகுதியில் ஒரு விதி: வெளி இணைப்பிலிருந்து வரும் யுடிபி, போய்ச் சேரும் போர்ட் 123, டிராப். அதன் எண்ணிக்கை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறது. இதை அழித்துவிடலாமா?

வைகைக்கரை

இப்போது அழிக்காதீர்கள்! முழுதும் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

அழித்தால் உடனே பதில்கள் உள்ளே வரும். என்டிபிடிக்கு 128 மில்லி நொடிக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் அது மெதுவாகத் திருத்தாது, ஒரே தாவலாகக் கடிகாரத்தை மாற்றும். 1000 நொடிக்கு மேல் போனால்தான் பயந்து நின்றுவிடும். நீங்கள் 381-இல் இருக்கிறீர்கள், ஆகவே சில நிமிடங்களில் தாவும், அதுவும் பின்னோக்கி. ஷிப்ட் மாறும் நேரத்தில் இது நடந்தால் ஒரு தொழிலாளி உள்ளே வந்தது 2:04, வெளியே போனது 1:59 என்று டேட்டாபேஸில் ஏறும். இப்போது கேட்டில் நடக்கும் சண்டை அப்புறம் உங்கள் மேசைக்கு வரும். ஆகவே முதல் வேலை, என்டிபிடியை நிறுத்துவது.

அந்த விதியைப் போட்டவரையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. பழைய என்டிபி சர்வர்களில் மான்லிஸ்ட் என்று ஒரு கட்டளை இருந்தது. ஒரு சின்னக் கேள்விக்கு, கடைசியாகப் பேசிய 600 பேர் வரை பட்டியல் போட்டு அனுப்பும். கேட்டவர் முகவரியைப் பொய்யாக எழுதிவிட்டால் அந்தக் குப்பை முழுதும் வேறொருவர் தலையில் கொட்டும். 2013 கடைசியிலும் 2014-லும் இதை வைத்துப் பெரிய பெரிய தாக்குதல்கள் நடந்தன. அதற்குப் பிறகு 123-ஐ அடைப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் 'ரா' பகுதி, இணைப்புகளை நினைவில் வைக்கும் பகுதிக்கு முன்னாலேயே வேலை செய்யும். இது நாம் கேட்ட கேள்விக்கு வந்த பதிலா, எவனோ அனுப்பிய குப்பையா என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் வெட்டும். ஃபில்டர் பகுதியில் 'எஸ்டாப்ளிஷ்ட்' (நாம் தொடங்கிய பேச்சுக்கு வரும் பதில்) அனுமதியும், அதற்குக் கீழே வெளியிலிருந்து கேட்காமல் வரும் எல்லாவற்றுக்கும் தடையும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இந்த ரா விதிக்கு வேலையே இல்லை.

செல்லூர்_லினக்ஸ்

ரவுட்டரைத் தொடாமலே முடிக்கலாம். என்டிபிடியைத் தூக்கிவிட்டு, அதே வேலையைச் செய்யும் குரோனி என்ற நிரலைப் போடுங்கள். அது கேள்வி கேட்கும்போது 123-ஐப் பிடித்துக்கொண்டு நிற்காது, ஏதாவது ஒரு போர்ட்டிலிருந்து கேட்கும். இந்தத் தடை அதைப் பாதிக்காது.

இன்னொரு லாபம், பின்னோக்கித் தாவாமல் திருத்தலாம். குரோனி கடிகாரத்தை அதிகபட்சம் பன்னிரண்டில் ஒரு பங்கு வரை மெதுவாக்கும், மணிக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 381 நொடி ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும், நேரம் ஒருபோதும் பின்னால் போகாது. என்டிபிடியை -எக்ஸ் போட்டு இதே மாதிரி செய்யச் சொன்னால் அதன் வேகத்துக்கு ஏறக்குறைய ஒன்பது நாள்.

ஒரு கண்ணி இருக்கிறது. டெபியனில் குரோனியை நிறுவியவுடனே அது தானாக ஓட ஆரம்பிக்கும். அதன் அமைப்புக் கோப்பில் 'மேக்ஸ்டெப் 1 3' என்ற வரி முன்பே இருக்கும். முதல் மூன்று திருத்தங்களுக்குள் ஒரு நொடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் தாவு என்று அர்த்தம். ஆகவே நிறுவும் முன் 'சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் குரோனி' போடுங்கள், அது தானாக எழும்பாது. நிறுவிவிட்டு அந்த வரிக்கு முன் # வையுங்கள், வரி செயல்படாது. அப்புறம் அன்மாஸ்க் செய்து ஓட விடுங்கள். நேரம் சரியானதும் # எடுத்துவிடுங்கள், அடுத்த முறை பெட்டி எழும்பும்போது அந்த வரி தேவைப்படும்.

வைகைக்கரை

குரோனி நல்ல யோசனை. ஆனாலும் அந்த ரா விதி இருந்தால் மில்லில் 123-லிருந்தே கேட்கும் வேறு கருவிகள், சிசிடிவி பெட்டி மாதிரி, பட்டினியாகவே கிடக்கும். சர்வர் சரியான பிறகு அதையும் எடுத்துவிடுங்கள்.

நேர சர்வர்களை நான்காக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வைத்தால் ஒன்று பொய் சொல்லும்போது எது என்று தெரியாது. இந்திய நேரத்தைக் காப்பது டில்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம். 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, அந்த ஆய்வகத்தின் அல்லது தேசிய தகவலியல் மையத்தின் நேர சர்வரோடு, இல்லை என்றால் அவற்றோடு ஒத்துப்போகும் சர்வரோடு நம் கடிகாரங்களை இணைக்க வேண்டும். அவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

நூல்மில்_அட்மின்

ஞாயிறு விடுமுறையில் செய்தேன். என்டிபிடியை நிறுத்தி, மாஸ்க் போட்டு, குரோனியை நிறுவி, மேக்ஸ்டெப் வரியை அடைத்துவிட்டு ஓட விட்டேன். 'குரோனிசி சோர்சஸ்' பார்த்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு சர்வருக்கு முன் நட்சத்திரம் (இப்போது பின்பற்றுவது), மற்றவற்றுக்குக் கூட்டல் குறி (சேர்த்துக்கொள்ளத் தக்கவை). 'குரோனிசி டிராக்கிங்' பார்க்கப் பார்க்க வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது, சொன்ன கணக்கில் முடிந்தது. ரீச் எல்லாம் 377. ஃபில்டரில் தடை ஒழுங்காக இருந்ததைப் பார்த்துவிட்டு ரா விதியையும் எடுத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு பாக்கி. விரல்ரேகை மெஷின்கள் இப்போது இந்த சர்வரிடம் நேரம் கேட்டால் பதில் இல்லை. அடுத்தது, பழைய தாமதப் பதிவுகளைத் திருத்தித் தரும்படி பெர்சனல் ஆபீசில் கேட்கிறார்கள்.

செல்லூர்_லினக்ஸ்

குரோனி, சொன்னால் ஒழிய யாருக்கும் நேரம் கொடுக்காது. அமைப்புக் கோப்பில் 'அலவ் 192.168.20.0/24' என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட விடுங்கள். 'குரோனிசி கிளையண்ட்ஸ்' போட்டால் எந்த மெஷின் கேட்கிறது என்று தெரியும். விண்டோஸ் கணினியிலிருந்து சோதிக்க வேண்டுமென்றால் 'டபிள்யூ32டிஎம் /ஸ்ட்ரிப்சார்ட் /கம்ப்யூட்டர்:192.168.20.5 /சாம்பிள்ஸ்:5 /டேட்டாஒன்லி'. நொடிக் கணக்கு வந்தால் சரி, 0எக்ஸ்800705பி4 வந்தால் பதில் வரவில்லை.

பசுமலை_நெட்வொர்க்

பழைய பதிவுகளில் ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள் தம்பி. மூலப் பதிவு அப்படியே இருக்கட்டும். பெட்டி நிறுவிய அன்று நேரம் சரியாக வைத்திருந்தால், வித்தியாசம் நாளுக்கு ஆறு நொடி வீதம் சீராக ஏறியிருக்கும். எந்தத் தேதியில் எத்தனை நொடி என்று ஒரு தனித் தாளில் போட்டு, டிசிபிடம்பில் பிடித்ததையும் ரவுட்டர் விதியின் படத்தையும் சேர்த்து பெர்சனல் ஆபீசுக்குக் கொடுங்கள். அதை வைத்து அவர்கள் சம்பளத்தில் கழித்ததைத் திருப்பிக் கொடுத்துக்கொள்ளட்டும். கணக்கில் சந்தேகம் வந்தால் தொழிலாளி பக்கம் சாயச் சொல்லுங்கள், தப்பு அவர்களுடையது இல்லையே.

நூல்மில்_அட்மின்

அலவ் வரி சேர்த்தேன், கிளையண்ட்ஸ் பட்டியலில் மெஷின்கள் எல்லாம் வந்துவிட்டன. பின்வாசல் கேட்டில் இருப்பது மட்டும் வரவில்லை. அதன் அமைப்பில் பழைய சர்வரின் ஐபி இருந்தது, மாற்றினேன், வந்துவிட்டது. தேதிவாரியான தாளை இன்று மாலை கொடுத்துவிடுகிறேன்.