தங்கைக்கு அமெரிக்க மாப்பிள்ளை: கே-1 விசாவா, இங்கேயே தாலி கட்டி சிஆர்-1 விசாவா?

பாலக்கோடு_அண்ணன் (கேள்வி)
மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன், பூர்வீகம் போச்சம்பள்ளி பக்கம். தை மாதம் தருமபுரியில் நிச்சயதார்த்தம். "கே-1 (நிச்சயமான பெண்ணுக்கான விசா) போட்டால் சீக்கிரம் வந்துவிடலாம், இங்கே அமெரிக்காவில் பதிவுத் திருமணம், ஆறு மாதத்தில் ஊருக்கு வந்து விருந்து" என்கிறார். தாலி ஏறாமல் அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. தங்கை பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, "பெண்" என்று மட்டும் இருக்கிறது. எது சரியான வழி?

தென்பெண்ணை
முகூர்த்தம் எங்கே என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள், விசா தானாக முடிவாகிவிடும். கே-1 கல்யாணம் ஆகாதவர்களுக்கு மட்டும். மாப்பிள்ளை ஐ-129எஃப் (கே-1க்கான மனு) போடும் நாளுக்கு முந்தைய 2 வருடத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ கால் கணக்கில் வராது. அங்கே போய் இறங்கிய 90 நாளுக்குள் அவரையே மணக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் செலவும் காத்திருப்பும். கிரீன் கார்டுக்கு (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) ஐ-485 விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும்; 2024 ஏப்ரல் உயர்வுக்குப் பின் அதற்கு மட்டும் 1,440 டாலர். வேலை அனுமதி வரும்வரை தங்கை வீட்டில்தான். ஆறு மாதத்தில் விருந்து என்கிறாரே, அங்கேதான் மாட்டுவார்கள். அட்வான்ஸ் பரோல் (வெளியே போய்த் திரும்ப முன் அனுமதி) கையில் வராமல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பினால் அந்த ஐ-485 கைவிடப்பட்டதாகிவிடும்.

சிஆர்-1 (மனைவிக்கான குடியேற்ற விசா) என்றால் இங்கே கல்யாணம், பதிவு, அதன்பின் மாப்பிள்ளை போடும் ஐ-130 மனு. ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கலாம், அதுவரை தங்கை பாலக்கோட்டில்தான். ஆனால் போய் இறங்கிய அன்றே நிரந்தரக் குடியிருப்பாளர், மறுநாளே வேலைக்குப் போகலாம். உங்கள் வீட்டு நிலைமைக்கு இதுதான் பொருந்தும்.

பாலக்கோடு_அண்ணன்
நிச்சயத்தில் மாலை மாற்றி மோதிரம் மட்டும் போட்டுவிட்டு கே-1 போட்டால்?

கிருஷ்ணகிரி_மனுப்பிரதி
வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் 1967 திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்கான பிரிவு. உறவினர் முன்னிலையில் மாலை மாற்றுவதோ மோதிரம் அணிவிப்பதோ தாலி கட்டுவதோ, ஏதாவது ஒன்று நடந்தாலே கல்யாணம் செல்லும். நிச்சயம் என்ற நோக்கத்தில் செய்தால் அது கல்யாணம் ஆகாதுதான். ஆனால் இருவர் கழுத்திலும் மாலையோடு மேடையில் நிற்கும் போட்டோவைப் பார்க்கும் விசா அதிகாரிக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்" என்று முடிவு கட்டினால் மனு அமெரிக்காவுக்கே திரும்பிவிடும். கே-1தான் என்றால் தட்டு மாற்றி வெற்றிலை பாக்கோடு நிறுத்துங்கள்.

சிஆர்-1 என்றால் மாப்பிள்ளையின் லீவைக் கேளுங்கள். இருவரும் இந்துக்கள் என்றால் இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போகச் சொன்னாலும் சொல்வார்கள். அப்படியானால் 30 நாள் நோட்டீஸ். ஒருவராவது அந்த மாவட்டத்தில் அதற்கு முன் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். தங்கை இருப்பதே போதும். மூன்று வார லீவில் வருபவருக்கு இது ஒத்துவராது. பத்திரிகை அடிக்கும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஓசூர்_கோப்பு
பெயர்ப் பிரச்சினையை எல்லாவற்றுக்கும் முன்னால் முடியுங்கள். குடும்பப்பெயர் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வந்தால், தங்கையின் பெயர் குடும்பப்பெயர் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யு" என்று அச்சாகும். அதாவது முதல் பெயர் தெரியாதாம்! பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கி எல்லாவற்றிலும் அதுவே தொடரும். இப்போதே அப்பா பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்து பாஸ்போர்ட் மறுவழங்கல் வாங்குங்கள். திருமணச் சான்றிதழிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். இந்த வேலைகளுக்கு நடுவில் கணவர் பெயரைச் சேர்க்காதீர்கள், ஆவணங்கள் ஒத்துப்போகாது.

பிறப்புச் சான்றிதழ் எந்த அலுவலகத்தில் பதிவானதோ அங்கேயே பள்ளிச் சான்றோடு பெயர் சேர்க்க விண்ணப்பியுங்கள். போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா வழியாகத்தான். அமெரிக்க விசாவுக்கு ஸ்டேஷனில் வாங்குவது செல்லாது. மாப்பிள்ளை பக்கம் ஐ-864 (மனைவியை ஆதரிப்பேன் என்ற உறுதிமொழி): வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும், வரித்தாளோடு.

பாலக்கோடு_அண்ணன்
டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே பதிவு பண்ணிவிடலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார்.

தென்பெண்ணை
அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கல்யாணம் பண்ணித் தங்கும் எண்ணத்தோடு பி-2 (டூரிஸ்ட் விசா) வாங்குவது பொய்த்தகவல் தந்ததாகும், நிரந்தரத் தடை வரைக்கும் போகும்.

இன்னொன்று. கல்யாணமாகி 2 வருடம் முடியாமல் போய் இறங்கினால் கிடைப்பது 2 வருட நிபந்தனைக் கிரீன் கார்டு. காலாவதிக்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து ஐ-751 (நிபந்தனையை நீக்கும் மனு) போட வேண்டும். மண்டப ரசீது, இருவர் பெயருள்ள பத்திரிகை, அவர் வந்துபோன டிக்கெட், பேசிய பதிவுகள், எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஐ-130க்கும் அதே ஆதாரங்கள்தான்.