மறு: பெனால்டி பிரேக் – ‘கட்டாய பிரேக்’ என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

கணினியில் ரயில் ஓட்டும் சிமுலேட்டரின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்குவதில், சிக்னல், எச்சரிக்கை அமைப்புகள் பற்றிய பகுதி ‘பெனால்டி பிரேக்’ என்ற ஒரு சொல்லில்தான் தேங்கி நிற்கிறது. ஓட்டுநர் செய்ய வேண்டியதைச் செய்யாதபோது பாதுகாப்பு அமைப்பே போடும் பிரேக் அது. இதுவரை அபராத பிரேக், அவசர பிரேக், தானியங்கி பிரேக் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றையும் விட்டுவிட்டு ‘கட்டாய பிரேக்’ என்று வைத்துக்கொள்வோம் என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல் பிசகினால் அந்தப் பக்கத்தைப் படித்தும் யாருக்கும் வண்டி நகராது.

புதிதாக ஓட்டுபவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரயில் திடீரென்று நின்றுவிட்டது. பிரேக்கை விடுவித்தாலும் விடமாட்டேன் என்கிறது. மென்பொருளில் பிழையா?” பிழை இல்லை. எச்சரிக்கை ஒலித்திருக்கிறது, ஓட்டுநர் உரிய நேரத்துக்குள் பொத்தானை அழுத்தவில்லை, அமைப்பே பிரேக் போட்டுவிட்டது. போட்டதோடு விடுவதும் இல்லை. தான் கேட்கிற நிபந்தனைகள் நிறைவேறும்வரை பிடித்துக்கொண்டே இருக்கும். நம் சொல்லில் இந்த இரண்டாவது செய்தி இருந்தாக வேண்டும். பிரேக் ஏன் பிடித்தது என்பதைவிட, ஏன் இன்னும் விடவில்லை என்பதுதான் கேட்பவரின் கவலை.

> மூலச்சொல்லுக்கு நேராக ‘அபராத பிரேக்’ என்றே வைத்துவிடலாமே?

இங்கே அது ஒத்துவராது. பணிகளுக்கு மதிப்பெண் தரும் சிமுலேட்டர்களில் வேகவரம்பை மீறினாலும் சிவப்பைத் தாண்டினாலும் மதிப்பெண் குறைகிறது. அந்தக் கழிவுக்கு நம் இடைமுகக் கோப்பில் ‘அபராதம்’ என்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரே திரையில் “அபராதம்: 50” என்றும் “அபராத பிரேக்” என்றும் வந்தால், மதிப்பெண்ணைக் கட்டினால்தான் பிரேக் விடும் என்று ஒருவர் நினைப்பதில் தப்பே இல்லை. இன்னொன்று, இந்த பிரேக் யாரையும் தண்டிக்க வைத்ததல்ல. ஜெர்மன் வண்டிகளில் ஓட்டுநர் விழிப்பாக இருக்கிறாரா என்று சோதிக்கும் சீஃபா என்ற கருவியைப் பாருங்கள். ஓட்டுநர் மிதியை மிதித்தபடி இருந்து, 30 விநாடிக்குள் ஒருமுறையாவது விட்டு மிதிக்க வேண்டும். மறந்தால் முதலில் விளக்கு எரியும், அப்புறம் ஒலி வரும், அதற்கும் அசைவில்லை என்றால் பிரேக். அவர் மயங்கி விழுந்திருக்கலாம் என்று கருதித்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். மயங்கியவருக்கு அபராதம் போடுவது முறையா?

> ‘அவசர பிரேக்’ எல்லோருக்கும் தெரிந்த சொல். புதிதாக ஒன்று எதற்கு?

அது வேறொன்றுக்கு வேண்டும். பிரேக் கைப்பிடியில் அவசர நிலை என்று தனி இடமே இருக்கிறது. ஓட்டுநர் தானே அங்கே தள்ளினால் தானே திரும்ப எடுக்கலாம். அமைப்பு போடும் பிரேக் அப்படியில்லை. அதன் அளவும் ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டன், ஜெர்மனி முறைகளில் அது அவசர பிரேக்கின் அளவுக்கே விழும். வட அமெரிக்க எஞ்சின்களில் விழிப்புக் கருவிக்குப் பதில் வராவிட்டால் பெரும்பாலும் முழு வழக்க பிரேக்தான், அதாவது வழக்கமாக வண்டியை நிறுத்தப் போடும் பிரேக்கின் முழு அளவு. கூடவே இழுவை விசையும் துண்டிக்கப்படும். ஓட்டுநர் போடுவதையும் அமைப்பு போடுவதையும் ஒரே பெயரால் சொன்னால் “அவசர பிரேக்கை எடுங்கள்” என்ற குறிப்பைப் படித்துவிட்டு, ஏற்கெனவே விடுவித்த நிலையில் இருக்கும் கைப்பிடியையே திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

‘தானியங்கி பிரேக்’ பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1872இல் வெஸ்டிங்ஹவுஸ் கொண்டுவந்த காற்று பிரேக்கின் பெயரே அதுதான். குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும், பெட்டிகள் அறுந்தாலும் பிடிக்கும் என்பதால் வந்த பெயர். இன்றும் எஞ்சினின் தனி பிரேக்கிலிருந்து வண்டி முழுவதற்குமான பிரேக்கைப் பிரித்துச் சொல்ல அது வேண்டும். அந்தச் சொல்லைத் தொடக் கூடாது.

இனி ‘கட்டாய பிரேக்’. ஜெர்மன் மொழியில் இதை ட்ஸ்வாங்ஸ்பிரெம்சுங் என்கிறார்கள், கட்டாயமாகப் பிரேக் போடுவது என்றே பொருள். தமிழிலும் ‘கட்டாயம்’ என்றால் மறுக்க வழியில்லை என்பது யாருக்கும் விளங்கும். ‘கட்டாய பிரேக் விழுந்தது’, ‘கட்டாய பிரேக்கிலிருந்து மீள’ என்றெல்லாம் இயல்பாக எழுதலாம். ‘பிரேக்’கைத் ‘தடை’ ஆக்க வேண்டும் என்று கேட்டவருக்கு: உதவிப் பக்கத்தில் ‘தடை’ ஏற்கெனவே மின்தடை, தடம் அடைப்பு என்று பல வேலை செய்கிறது. பிரேக் பிரேக்காகவே இருக்கட்டும்.

உதவிப் பக்கத்தின் சிக்கலான இடங்களில் வைத்துப் பார்த்தேன். சொல் தாங்குகிறது.

பிரிட்டனின் ஏ.டபிள்யூ.எஸ். என்ற தானியங்கி எச்சரிக்கை அமைப்பில் சிக்னலுக்குச் சுமார் 180 மீட்டர் முன்பு தண்டவாளங்களுக்கு நடுவே காந்தங்கள் இருக்கும். சிக்னல் பச்சை என்றால் மின்காந்தம் உயிர்பெற்று மணியோசை வரும். இல்லையென்றால் நிரந்தரக் காந்தம் மட்டும் செயல்பட்டு ஊதல் வரும். மின்சாரம் போனாலும் ஊதல்தான் வரும், பழுதானாலும் எச்சரிக்கும் பக்கமே சாயும்படி அமைத்திருக்கிறார்கள். ஊதல் வந்ததும் இரண்டு விநாடி சொச்சத்துக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் கட்டாய பிரேக். மீள்வதற்கு இழுவை நெம்புகோலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பொத்தானை அழுத்தி, சுமார் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பெரும்பாலானோர் அந்த நிமிடத்தைக் காத்திருப்பதில்லை. வீட்டில் நெம்புகோல் கருவி வைத்து ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கையில் பூஜ்யம் போலத் தெரியும், ஆனால் மென்பொருள் அதை 1 சதவீதம் என்று படித்துக்கொண்டிருக்கும். இழுவை நிற்கவில்லை என்று கருதி அமைப்பு மீட்டமைக்க மறுத்துவிடும். அமைவில் செயலற்ற இடைவெளியை, அதாவது நெம்புகோலின் சிறு அசைவைப் பூஜ்யமாகவே கொள்ளும் எல்லையை, சற்றுக் கூட்டினால் சரியாகிவிடும். இந்த வரி உதவிப் பக்கத்தின் மேற்பகுதியிலேயே வர வேண்டும்.

தண்டவாளக் காந்தங்கள் வழியாக வண்டியின் வேகத்தைக் கண்காணிக்கும் ஜெர்மனியின் பி.இசட்.பி. அமைப்பில் இன்னும் நுட்பமாக மாட்டிக்கொள்வார்கள். அடுத்த சிக்னலின் நிலையை முன்கூட்டியே சொல்வது முன்சிக்னல். எச்சரிக்கை காட்டும் முன்சிக்னலில் 1000 ஹெர்ட்ஸ் காந்தம் இருக்கிறது. 4 விநாடிக்குள் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ஆனால் அமைப்பு அதோடு விடுவதில்லை. வேகமான பயணி வண்டி 23 விநாடிக்குள் மணிக்கு 85 கிலோமீட்டருக்குக் கீழே வந்தாக வேண்டும், இல்லையென்றால் கட்டாய பிரேக். அந்தக் கண்காணிப்புக்குள் வண்டி நின்றுவிட்டாலோ வெகு நேரம் ஊர்ந்தாலோ வரம்பு 45 ஆகச் சுருங்கும். இரண்டு நீல விளக்குகள் மாறி மாறிச் சிமிட்டும், அவ்வளவுதான் அறிவிப்பு. ஓட்டுநர் நிலையத்திலிருந்து கிளம்பி, எதிரே பச்சையைப் பார்த்து வேகமெடுத்து, 46ஐத் தொட்டதும் வண்டி நின்றுவிடுகிறது. “பச்சையில் ஏன் பிரேக்?” என்று வரும் கேள்விகளில் கணிசமானவை இதுதான். இங்கே ‘அபராதம்’ என்று எழுதினால் ‘நான் என்ன தவறு செய்தேன்?’ என்று தேடுவார். ‘கட்டாய பிரேக்: வேகக் கண்காணிப்பு மீறல்’ என்று எழுதினால் விளக்குகளைப் பார்ப்பார்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லையும் முடிவு செய்துவிடுவோம். அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு ‘ரத்து’ என்று ஒருவர் எழுதியிருந்தார். பிரிட்டனில் பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் எனக்கு இதில் உறுதியான மறுப்பு உண்டு. பொத்தான் எச்சரிக்கையை ரத்து செய்வதில்லை. ஒலி நிற்கிறது, சிக்னல் மஞ்சளாகவோ சிவப்பாகவோ அப்படியேதான் இருக்கிறது. அழுத்தியவுடன் ஓட்டுநர் அறையில் சூரியகாந்தி என்று அழைக்கப்படும் வட்டம் கறுப்பும் மஞ்சளுமாக மாறி ‘நீ எச்சரிக்கையை ஏற்றிருக்கிறாய்’ என்று நினைவூட்டிக்கொண்டிருக்கும். 1989இல் லண்டனை ஒட்டிய பர்லியில் ஓட்டுநர் எச்சரிக்கைக்குப் பொத்தானை அழுத்திவிட்டுச் சிவப்பைத் தாண்டினார். வண்டி முன்னால் போன ரயிலில் மோதி 5 பேர் இறந்தார்கள். பொத்தானை அழுத்திவிட்டால் போதும் என்ற அமைப்பின் ஓட்டை அதில் தெரிந்தது. பிறகு பிரிட்டனில் வந்த டி.பி.டபிள்யூ.எஸ். என்ற பாதுகாப்பு அமைப்பு யாரையும் கேட்பதில்லை. சிவப்பைத் தாண்டினாலோ அதை நோக்கி மிகை வேகத்தில் வந்தாலோ நேராகக் கட்டாய பிரேக்தான். எனவே ‘ஒப்புகை’ என்றே வைப்போம். ஒப்புகைப் பொத்தான், ஒப்புகை தருதல். பொறுப்பு ஓட்டுநர் கைக்கு வந்துவிட்டது என்ற பொருள் அதில் இருக்கிறது.

> பச்சை சிக்னல், வேகமும் வரம்புக்குள், இருந்தும் ஏ.டபிள்யூ.எஸ். ஊதுகிறது என்கிறார்களே. அதையும் பிழைப் பட்டியலில் சேர்க்கவா?

வேண்டாம். 1969இல் இங்கிலாந்தின் மோர்பெத்தில் ஒரு ரயில் வளைவில் மிகை வேகத்தில் தடம்புரண்ட விபத்துக்குப் பிறகு, வேகவரம்பு வெகுவாகக் குறையும் இடங்களுக்கு முன்னாலும் நிரந்தரக் காந்தம் வைக்கத் தொடங்கினார்கள். ஊதல் வரப்போகும் வளைவுக்கானது, சிக்னலுக்கானது அல்ல. ஒப்புகை தந்துவிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எதிரே சிவப்பு விழுந்து அசையாமல் இருப்பது தனி விஷயம், அதைக் கட்டாய பிரேக்கோடு சேர்த்து எழுதக் கூடாது. அங்கே பிரேக் விடும், பாதைதான் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டாளரிடம் அனுமதி கேட்கும் விசையை அழுத்த வேண்டும். பல சிமுலேட்டர்களில் அது டேப் விசை. அப்புறம், ‘சிக்னல்’ எல்லாவற்றையும் ‘கைகாட்டி’ என்று மாற்றியவருக்கு ஒரு வேண்டுகோள். அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் கை ஏறி இறங்கும் பழைய வகைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வோம். வண்ண விளக்குக்குக் கை இல்லை.

சொல்தொகுதிக்கு நான் எழுதியிருப்பது:

கட்டாய பிரேக் – எச்சரிக்கைக்கு ஒப்புகை தராதபோதோ கண்காணிக்கப்படும் வேகத்தை மீறும்போதோ பாதுகாப்பு அமைப்பு தானே போட்டு, மீட்டமைக்கும்வரை விடாத பிரேக்.

ஒப்புகை – எச்சரிக்கையைக் கவனித்துவிட்டதாக ஓட்டுநர் பொத்தான் அழுத்தித் தெரிவிப்பது.

இதில் ‘தானே போட்டு’ சரியாக வருகிறதா, ‘தானாகப் போட்டு’ என்றிருக்க வேண்டுமா என்று இலக்கணம் பார்க்கும் நண்பர் சொல்லுங்கள். வேறு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் இடைமுகக் கோப்பிலும் உதவிப் பக்கத்திலும் இரண்டு சொற்களையும் சேர்த்தே மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்