கப்போர்டா, கபர்டா?

சொல்லேர்: "கப்போர்டு என்பதே சரி, பகரத்தை விழுங்குகிறவர்கள் படிக்காதவர்கள்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சலாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு (cupboard) இரண்டே அசை. 'கப்'பின் வல்லோசை கேட்பதே இல்லை. 'போர்டு' தேய்ந்து 'பர்ட்' ஆகிவிடுகிறது. அகராதியைப் புரட்டுங்கள்.

நேர்வாய்: எழுதியவன் நான்தான். ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். எழுத்தில் இருப்பதைச் சொல்ல என்ன கூச்சம்?

சொல்லேர்: உங்கள் உதட்டையே கவனியுங்கள். 'கப்' முடியவும் உதடு மூட வேண்டும், 'போர்டு' தொடங்கவும் மூட வேண்டும். வேகமாகப் பேசுகிறவன் ஒரு முறைதான் மூடுவான். ராஸ்பெரி (raspberry) என்ற பழத்தின் பெயரிலும் இதுவே நடந்தது. எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய் ஆகவில்லையா? நீங்கள் 'எள்நெய்' என்றா சொல்கிறீர்கள்? பொருளும் அப்படியே நகர்ந்தது. எள்ளே இல்லாததையும் எண்ணெய் என்கிறோம். கோப்பைகளை அடுக்கி வைத்த மேசையின் பெயர், கதவு போட்ட பெட்டகத்துக்குப் போய்விட்டது. போர்டு என்றால் அன்று மேசை.

நேர்வாய்: மேசையை நான் கேட்கவில்லை, பகரத்தைக் கேட்டேன். நெற்றியைக் குறிக்கும் ஃபோர்ஹெட்டை முன்பு 'ஃபாரிட்' என்றார்கள். இன்று எழுத்தைப் பார்த்து ஃபோர்ஹெட் என்கிறார்கள். பகரம் மட்டும் என்ன பாவம் செய்தது?

சொல்லேர்: ஃபோர்ஹெட்டுக்கு அகராதி இடம் கொடுத்தது. உங்கள் கப்போர்டுக்குக் கொடுக்கவில்லை.

மூன்றாம் வரிசை: இருவருக்கும் தமிழ் மறந்துவிட்டதா? அலமாரி என்று எழுதுங்கள்.

நேர்வாய்: அலமாரி போர்ச்சுகீசியச் சொல், ஐயா.

மூன்றாம் வரிசை: பாட்டி காலத்திலிருந்து நம் வாயில் இருக்கிற சொல்லுக்கும் குறையா? உங்களுக்கு எதைத்தான் பிடிக்கும்?

சொல்லேர்: பேச்சை மாற்றாதீர்கள். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைப் பகரம் மெலிந்துதான் ஒலிக்கும். 'கபர்டு' என்று எழுதினாலே சரியான ஓசை வந்துவிடும். 'ப்ப' என்று இரட்டித்து அதைக் கெடுப்பது நீங்கள்தான். கடைசியில் உகரத்தையும் ஒட்டி மூன்று அசை ஆக்கிவிட்டீர்கள்.

நேர்வாய்: உங்கள் 'கபர்டு'விலும் அதே உகரம்தானே இருக்கிறது! போன மாதம் 'ரிசீட்' (receipt) பற்றிய பேச்சிலும் இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் நடத்தினீர்கள்.

சொல்லேர்: அதிலும் பகரம் ஒலிக்கும் என்று பிடிவாதம் பிடித்தது யார்?

நேர்வாய்: நான்தான். எழுத்தில் இருந்தது, சொன்னேன். இதிலும் இருக்கிறது, சொல்வேன். கப்போர்டு.

சொல்லேர்: இரண்டு அசை. உதடு மூடுவது ஒரே முறை.