இடி சொன்ன ‘த’: எலியட் வரிசையை மாற்றியது கவனக்குறைவா, வேண்டுமென்றா?

சுவடி:
கவிஞர் டி. எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ (1922) என்ற நெடுங்கவிதையின் கடைசிப் பகுதியில் இடி பேசுகிறது: தத்த, தயத்வம், தாம்யத. மூலம் பிருகதாரண்யக உபநிஷதம் 5.1 என்று கவிதைக்கு அவரே எழுதிய குறிப்பு சொல்கிறது. போய்ப் பார்த்தால் அங்கே இருப்பது ‘பூர்ணமத:’ மந்திரம். இடிக் கதை 5.2இல் இருக்கிறது. படைப்புத் தெய்வமான பிரஜாபதி ‘த’ என்று ஓரெழுத்தைச் சொல்ல, தேவர்கள் ‘அடங்குங்கள்’ என்றும் மனிதர்கள் ‘கொடுங்கள்’ என்றும் அசுரர்கள் ‘இரங்குங்கள்’ என்றும் எடுத்துக்கொள்கிறார்கள்; இடி முழங்குவதும் அதே ‘த’தான். ஆக, மூல வரிசை தாம்யத, தத்த, தயத்வம். எலியட் கோட்டைவிட்டிருக்கிறார். கவிதையின் தமிழாக்கத்தில் நாம் வரிசையைச் சரிசெய்துவிடலாம் என்பது என் கட்சி.

வைகைக்கரை:
ஹார்வர்டில் லான்மனிடம் சமஸ்கிருதம் படித்தவரா கோட்டைவிட்டார்? குறிப்பில் டாய்சனின் ஜெர்மன் உபநிஷத மொழிபெயர்ப்பில் பக்கம் 489 என்றுகூடக் கொடுத்திருக்கிறாரே.

சுவடி:
அந்தக் குறிப்புகளை ‘போலிப் புலமை’ என்று 1956இல் கேலி செய்தவரே அவர்தான். புத்தகமாகப் போடக் கவிதை சின்னதாக இருந்ததால் குறிப்புகளை நீட்டினாராம். பக்க எண்ணைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

வைகைக்கரை:
சரி, குறிப்பை விடுங்கள். கவிதையைப் பாருங்கள். தத்தவுக்குப் பின் ஒரு கணத்தில் தன்னையே கொடுத்துவிடும் துணிச்சல். தயத்வத்துக்குப் பின் பூட்டில் சாவி திரும்பும் ஓசை. தாந்தேயின் காவியத்தில் வரும் உகோலினோ கோபுரத்தில் அடைபட்டபோது கேட்டது. தாம்யதவுக்குப் பின் தேர்ந்த கைக்கு இசையும் படகு, அமைதியான கடல். அடுத்த வரியிலேயே ஒருவன் கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறான். படகை முதலில் கொண்டுபோய் வைத்தால் இந்தக் கரைக்கு எப்படி வந்து சேர்வது?

ஆற்றுமணல்:
இன்னொன்று. மனிதர்கள் காதில் விழுந்தது ‘தத்த’. படிப்பவர் மனிதர், அதனால் அது முதலில் வருகிறது. (தமிழன் காதில் ‘தா’ என்றே விழுந்திருக்கும், அது வேறு கதை.)

சுவடி:
அப்படியானால் அடுத்து அசுரர், கடைசியில் தேவர். இது என்ன வரிசை? தவிர, தேவரும் அசுரரும் மனிதருக்குள்ளேயே இருப்பவர்கள், அடக்கம் இல்லாதவர், பேராசைக்காரர், கொடியவர் என்று மூன்று வகை மனிதர்தான் என்றும் சங்கரர் பாஷ்யத்தில் பொருள் சொல்கிறார். மூன்று கட்டளையும் நமக்குத்தான் என்றால் உங்கள் ‘மனிதருக்கு முதலிடம்’ எங்கே நிற்கிறது?

ஆற்றுமணல்:
நியாயம். ஆனால் வரிசையைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது, இருவரும் தாண்டிப் போகிறீர்கள். உபநிஷதத்தில் தாம்யத என்பது புலனடக்கம், உன்னை நீ அடக்கு. எலியட்டில், அழைத்திருந்தால் உன் நெஞ்சும் இன்னொருவர் கைக்கு அடங்கித் துடித்திருக்கும் என்று வருகிறது. அடக்குகிற கை வெளியே போய்விட்டது. இதைத் தமிழில் ‘அடங்குங்கள்’ என்று போட்டால் படகு வரிகள் ஒட்டாது. ‘ஆளுங்கள்’ என்றால் உபநிஷதம் போய்விடும்.

வைகைக்கரை:
அதனால்தான் மூன்று சொல்லையும் சமஸ்கிருதமாகவே விடச் சொல்கிறேன். ஆங்கில வாசகருக்கும் அவர் கவிதைக்குள் பொருள் தரவில்லையே. 5.2 என்ற திருத்தம் அடிக்குறிப்பில் இருக்கட்டும், வரிசையில் கை வைக்க வேண்டாம்.

சுவடி:
ஆங்கிலேயருக்கு அது புரியாத இடி. நமக்குத் தயை, தானம், தமம் எல்லாம் புழங்கிய சொற்கள். அப்படியே விட்டாலும் அதே அதிர்ச்சி கிடைக்காது. வரிசையிலும் நான் இறங்கி வரவில்லை.