முதல் எலக்ட்ரிக் கிட்டார்: வாங்கினது, பிரிச்சது, மாத்தினது (இணையப் பேச்சு; ஒவ்வொரு பதிவுக்கும் மேல எழுதினவரோட புனைபெயர்)

மூணாம்கம்பி

ஜி கம்பி, அதாவது மூணாவது கம்பி, சுருதியில நிக்கவே நிக்காது. பட்டவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம். ஆம்ப் (சத்தம் கூட்டற பெட்டி), பை, கேபிள் எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியில வர்ற ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம்) மாடல்தான் என்னுது. டியூனர் சுருதி சரின்னு பச்சை காட்டும். ஒரு ஈ கார்ட் அடிச்சு, கம்பியை விரலால ஓரமா இழுத்து ரெண்டு பெண்ட் பண்ணினா ஜி மட்டும் இறங்கிக் கிடக்கும். கேட்ட எல்லார்கிட்டயும் ஒரே பதில், கம்பியை முறுக்கற கீயைப் பத்தி: "மட்டமான கீ, மாத்திடு." கடையிலயும் உடனே லாக்கிங் கீ (கம்பியைப் பூட்டிப் பிடிக்கற வகை) செட் ஒண்ணை எடுத்து மேசையில வெச்சுட்டாங்க. மாத்தியாச்சு. ஜி அப்படியேதான்.

அப்புறம் ஒரு ஒத்திகையில, பேஸ் வாசிக்கிறவர் கிட்டாரை வாங்கி மடியில போட்டுக்கிட்டு ஜி கீயை மெதுவா திருப்பினார். டியூனர் முள் அசையவே இல்ல. இன்னும் கொஞ்சம் திருப்பினார். நட் (கழுத்தோட தலைப் பக்கம் கம்பிகள் உக்கார்ற, காடி வெட்டின பட்டை) பக்கத்துல 'டிங்'னு ஒரு பொடி சத்தம். முள் ஒரே தாவா தாவி ஷார்ப்புக்கு, அதாவது சுருதிக்கு மேல, போயிடுச்சு. "கேட்டுச்சா தம்பி? கம்பி நட்ல மாட்டிக்கிட்டு நிக்குது"ன்னார். கம்பியைத் தளர்த்தி காடியிலிருந்து தூக்கி, பென்சில் முனையை உள்ளே நல்லா தேய்ச்சு, ஊதிட்டு திரும்ப ஏத்தினார். முள் வழுக்கிக்கிட்டே ஏறுச்சு. இத்தனை பேர்கிட்ட கேட்டேனே, ஒருத்தர்கூட நட்டைக் குனிஞ்சு பார்க்கலைங்கறதுதான் இன்னும் ஆறல.

ஈயப்பற்று

பென்சில் சும்மா தற்காலிகம் தம்பி. கார்பன் போனதும் திரும்ப டிங் வரும். காடி குறுகலா இருந்தா அதுக்குன்னு இருக்கிற அரத்தால கம்பி கனத்துக்கு இழைக்கணும். 9 செட்டோட (மெல்லிசுக் கம்பி) வந்த கிட்டார்ல 10 செட் (கொஞ்சம் கனமானது) ஏத்தினவங்களுக்கு இது சர்வசாதாரணம்.

என் கதை பிக்கப், அதாவது கம்பி அதிர்வை மின்சாரமா மாத்தற காந்தச் சுருள். ஒரு பழைய செட்டிலிருந்து நெக் (கழுத்துப் பக்கம்), பிரிட்ஜ் (கம்பி முடியற பக்கம்) பிக்கப் ரெண்டு மட்டும் கிடைச்சுது. நடுவுல கிட்டாரோட வந்ததையே விட்டுட்டேன். சால்டரிங் முடிச்சு ஆம்ப்ல சொருகினா தனித்தனியா மூணும் பிரமாதம். நடு பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கற 2-ஆம் நிலைக்கு ஸ்விட்சைத் தள்ளினேன், சத்தம் சட்டுனு மெலிஞ்சு போச்சு. 4-லயும் அதே கதை. அடிவயிறே இல்லாத சத்தம். பிக்கார்டை (பிக்கப் மாட்டின முன்பக்கத் தகடு) மறுபடி தூக்கி, நடு பிக்கப்போட ரெண்டு ஒயரை மட்டும் இடம் மாத்தி ஈயம் வெச்சேன். சத்தம் நிறைஞ்சிடுச்சு. ஆனா அந்த ரெண்டு நிலையிலும் அடங்க வேண்டிய ஹம் (கரண்ட் இரைச்சல்) அடங்கல. நடு பிக்கப்ல சுருளோட சுத்தும் மத்த ரெண்டுக்கு எதிரா இருக்கணும், காந்தமும் எதிரா இருக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் சத்தமும் நிறையும், ஹம்மும் ஓயும். செட்டா வாங்குங்கன்னு சொல்றது வியாபாரத்துக்காக மட்டும் இல்ல.

பெரியஆம்ப்

அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பிக்கப் மாத்தறவங்கள்ல பாதிப் பேருக்கு மாத்த வேண்டியது ஆம்ப். வாங்கின அன்னைக்கு ஒருத்தர் எனக்காக கிட்டாரை வாசிச்சுக் காட்டினார். சொருகினது 12 அங்குல ஸ்பீக்கர் வெச்ச வால்வ் ஆம்ப்ல. நான் வாசல்லயே விழுந்துட்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியில இருந்த 10 வாட் குட்டியில சொருகினா தகர டப்பாக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி. கிட்டாரை மாத்திக் குடுத்துட்டாங்களோன்னு சீரியல் நம்பர்கூட சரிபார்த்தேன். பிற்பாடு நண்பன் ஒருத்தனோட ஆம்ப்ல அதே கிட்டாரைச் சொருகினப்ப பழைய சத்தம் அப்படியே வந்து நின்னுச்சு. ஒரு திருகாணிகூட மாத்தல.

ஈயப்பற்று

ஆம்ப் எவ்வளவு பெருசோ ஹம்மும் அவ்வளவு பெருசு தம்பி. சிங்கிள் காயில் (ஒத்தைச் சுருள் பிக்கப்) ஹம்மை எந்த ஆம்பும் தின்னாது. 1955-ல கிப்சன்ல சேத் லவர் உக்காந்து ஹம்பக்கரை (ஹம்மை அடக்கற ரெட்டைச் சுருள் பிக்கப்) உருவாக்கினதே அதுக்குத்தான்.

பெரியஆம்ப்

நான் ஹம்மைப் பத்திப் பேசவே இல்லையே.

கால்சுற்று

என்னுடையது சின்னக் கதை. ட்ரெமோலோவில் (தண்டை அசைத்து சுருதியை ஆட்டும் பிரிட்ஜ்) இருந்த மெல்லிய பிளாக்கை (உலோகக் கட்டை) எடுத்துவிட்டு முழு அளவு எஃகு பிளாக் வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது; பின்மூடி உட்காரவே இல்லை. என் கிட்டாரின் உடம்பு கனம் 40 மில்லிமீட்டர், பிளாக் செய்யப்பட்டது 45-க்கு. மலிவு மாடல்களில் அளவெடுக்காமல் எதையும் வாங்கக்கூடாது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள 'பாட்' என்னும் பாகமும் அப்படித்தான்: அதில் வருவது பெரும்பாலும் சின்ன பாட், துளை 8 மில்லிமீட்டர் சுற்றி. பெரியது போட பிக்கார்டில் துளையை அகலப்படுத்தவேண்டி வரும்.

ஆனால் மேலே எழுதிய மூவரும் செட்டப்பை, அதாவது வாசிக்க வசதியாகக் கிட்டாரைச் சரிசெய்வதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுக் கம்பி போட்டு, நன்றாக இழுத்துவிட்டு, சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), கடைசி ஃப்ரெட்டில் விரல். ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஆறாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும், உள்ளே இருக்கும் தண்டு) கடிகாரச் சுற்றில் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம், திருப்பிவிட்டு மறுபடி சுருதி சேர்த்துப் பாருங்கள். இறுகிப்போய்த் திரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். பிறகுதான் ஆக்ஷன், அதாவது கம்பியின் உயரம்: 12-ஆம் ஃப்ரெட்டில் 1.6 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம், கரகரத்தால் சற்று ஏற்றுங்கள். கடைசியாக இன்டோனேஷன், அதாவது கழுத்து நெடுக சுருதி சரியாக வருவது. 12-இல் ஹார்மானிக்கும் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக இருக்கவேண்டும். அழுத்தியது ஷார்ப் என்றால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) பின்னால் தள்ளவேண்டும், ஃபிளாட் என்றால் நட் பக்கம். இந்த வரிசை மாறினால் எல்லாம் திரும்பச் செய்யவேண்டியதுதான். ட்ரெமோலோ தண்டைத் தொடவே மாட்டேன் என்பவர்கள், பின்னால் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் நகத் தகட்டின் திருகாணிகளை முடுக்கி பிரிட்ஜை உடம்போடு படியவைத்துவிடலாம். பாதித் தொல்லை அங்கேயே தீரும். ஃப்ரெட் முனை கையைக் கீறுகிறதா என்றும் பாருங்கள். காற்று வறண்டால் ஃபிங்கர்போர்டு சுருங்கும், ஃப்ரெட் சுருங்காது, அதனால்தான்.

மூணாம்கம்பி

சார், நான் ஜி கம்பியைப் பத்தி மட்டும்தான் புலம்பினேன்.

கால்சுற்று

படிக்கிற மற்றவர்களுக்காக எழுதினேன். இன்னொன்று விட்டுப்போனது: ஒரே ஒரு ஃப்ரெட் மட்டும் தூக்கியிருந்தால் ட்ரஸ் ராடால் சரியாகாது.

பழையதுபோதும்

அந்தத் தூக்கின ஃப்ரெட் எனக்குத் தெரியும். நான் வாங்கினது பழசு. விக்க வந்தது பள்ளிக்கூடப் பையன். அவங்க அம்மா பக்கத்துலயே நின்னாங்க. முதல் கம்பியில பதிமூணாவது ஃப்ரெட்ல பெண்ட் பண்ணிப் பார்த்தேன், பாதியிலேயே சத்தம் அப்படியே செத்துடுச்சு. பையன் என் மூஞ்சியைப் பார்த்தான். "அங்கிள், அங்க மட்டும்தான் அப்படி. நான் அந்த இடத்துல பெண்ட் பண்ண மாட்டேன், பன்னெண்டுல இருந்து சறுக்கிப் போயிடுவேன்"னு சொல்லி வாங்கி வாசிச்சுக் காட்டினான். நிஜமாவே அழகா போனான். அதை வெச்சுக்கிட்டு எப்படிப் பேரம் பேசறது? கேட்ட காசைக் குடுத்துட்டேன்.

கிளம்பறப்ப, "பிக்கார்டுல இருக்கிற ஸ்டிக்கரைப் பிய்ச்சுடாதீங்க அங்கிள்"னான். ஏன்டா விக்கிறேன்னு கேட்டிருக்கணும், அவங்க அம்மா எதிர்ல வாய் வரல. தூக்கின இடத்தை இழைச்சு சரி பண்ணியாச்சு. பிக்கார்டு மஞ்சளாகி ஓரத்துல கீறல் விட்டிருக்கு. புதுசு ஒண்ணு வாங்கிட்டேன், மாட்டத்தான் மனசு வரல.

ஈயப்பற்று

மனசு வந்தாலும் மாட்டறதுக்கு முன்னாடி ஓட்டையை எண்ணுங்க. 8 திருகாணி, 11 திருகாணின்னு ரெண்டு விதம் உண்டு. 11-ன்னாலும் மலிவு கிட்டார்ல ஓட்டை நேரா வரும்னு நம்பாதீங்க. பழசை மேல வெச்சு ஒத்துப் பாருங்க.

பழையதுபோதும்

பார்த்தேன். மூணு ஓட்டை வரல. நல்லதாப் போச்சு.

மூணாம்கம்பி

ஈயப்பற்று அண்ணே, அரம் வாங்கற வரைக்கும் பென்சில்தான். எச்பி-யா, 2பி-யா?

ஈயப்பற்று

2பி. கிராஃபைட் ஜாஸ்தி.