புதுப்பிப்பு: மார்கழிக் கச்சேரி போஸ்டர், மங்கிய நிறம் சரியாகிவிட்டது

மயிலாப்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் பாடும் கச்சேரிக்கு போட்டோஷாப்பில் செய்த போஸ்டர், திரையில் பளிச்சென்றும் அச்சில் சாம்பல் பூத்தும் இருக்கிறதே என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சிக்கல் ஆர்ஜிபியில்தான், அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து நிறம் காட்டும் திரை முறையில். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளால். பின்னணியில் இருந்த மின்னும் நீலமும், வீணையைச் சுற்றிப் போட்ட ரோஜா நிறமும் அந்த மைகளுக்கு எட்டாதவை. கன்ட்ரோலும் ஒய்யும் அழுத்தி அச்சு முன்னோட்டம் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அப்புறம் நீலத்தை மயில்கழுத்துப் பக்கம் நகர்த்தினேன். ரோஜாவை எடுத்துவிட்டு அரக்கும் மாம்பழ மஞ்சளும் வைத்தேன். பட்டுப்புடவைக் கரை போல, கச்சேரிக்கு இதுவே அழகு என்று இப்போது தோன்றுகிறது.

மிருதங்கப் படத்தையும் மறுபடி எடுத்தேன். ஏ3 தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508க்கு 4961 பிக்சல் வேண்டும், பழைய படம் அதில் பாதிகூட இல்லை. இப்போது வலந்தலையின் (மிருதங்கத்தின் வலப்பக்கத்தின்) கரும்பொட்டு வரை தெளிவாகத் தெரிகிறது.

நேற்று திருவல்லிக்கேணியில் சோதனைப் பிரதி எடுத்தோம். நிறம் அப்படியே நின்றது. சரி, இனி 50 பிரதிகள் போடச் சொல்கிறேன்.