விளையாட்டு டிப்பருக்குள் கணினி: தாய்ப்பலகை அமருமா?

வெள்ளவத்தைவாசி:

வணக்கம். என் மகன் சிறுவயதில் கயிறு கட்டி இழுத்து விளையாடிய தகட்டு டிப்பர் லொறி ஒன்று பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. சென்ற வாரம் அதை இறக்கிக் கழுவியபோது, அதன் பின்பெட்டி ஒரு சிறிய கணினிக்குப் போதும் என்று தோன்றியது. விளிம்பருகே அளந்தால் உள்நீளம் 26 சென்ரிமீற்றர், அகலம் 19, ஆழம் 11. மினி ஐ.ரி.எக்ஸ் எனும் சிறிய வகைத் தாய்ப்பலகை (கணினியின் பாகங்கள் பொருந்தும் முதன்மைப் பலகை) 17 சென்ரிமீற்றர்ச் சதுரம் என்பதால் அது தாராளமாக அமரும். முன்புறம் எஞ்சும் 9 சென்ரிமீற்றரில், 12.5, 10, 6.35 சென்ரிமீற்றர் அளவுகள் கொண்ட எஸ்.எஃப்.எக்ஸ் எனும் சிறிய வகை மின்வழங்கியை நிமிர்த்தி வைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறேன். மேலே பஞ்சினால் செய்த மணற்குவியலை வைத்து மூடிவிட்டால் உள்ளே கணினி இருப்பதே தெரியாது. கணினி இயங்கும்போது முன்விளக்குகள் எரிய வேண்டும்; பெட்டி முன்போலவே தூக்கி இறங்கவும் வேண்டும். படம் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் மட்டுமே பயன்படுத்துவேன் என்பதால் தனி கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை. தகட்டில் துளையிடத் தொடங்குமுன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தகரக்கடை:

ஐயா, துளையிடாமல் கேட்டது நல்லதாயிற்று. விளையாட்டு டிப்பர்களின் பெட்டி ஏறத்தாழ எப்போதும் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். நீங்கள் தந்திருப்பது விளிம்பின் அகலம். தரையின் அகலம் எவ்வளவு?

வெள்ளவத்தைவாசி:

அளந்து பார்த்தேன். நீளம் மேலும் கீழும் ஒன்றே. ஆனால் தரையில் அகலம் 16 சென்ரிமீற்றர்தான். அப்படியானால் இந்த முயற்சியையே கைவிட வேண்டுமா?

தகரக்கடை:

வேண்டாம். பலகையைத் தரையிலேயே வைக்காமல், கிடையாகவே சற்று உயர்த்திப் பொருத்துங்கள். 11 சென்ரிமீற்றர் உயரத்தில் அகலம் 3 சென்ரிமீற்றர் கூடுகிறது என்றால், 5.5 சென்ரிமீற்றர் உயரத்தில் அது 17.5 ஆக இருக்கும். பலகையின் இரு பக்கத்திலும் 2.5 மில்லிமீற்றர் இடைவெளி கிடைக்கும். நான்கு மூலைத் துளைகளுக்கும் நேராக உயரமான பித்தளைத் தாங்கிகளை நிறுத்தினால் போதும். கீழே உருவாகும் வெற்றிடம் வீணல்ல, வயர்களும் காற்றும் அங்கேதான் ஓடும். மேலே எஞ்சும் 5.5 சென்ரிமீற்றரில், 37 மில்லிமீற்றர் உயரமுள்ள நொக்ருவா என்.எச்-எல்9 போன்ற தாழ்ந்த கூலர் (புரொசசரைக் குளிர்விக்கும் விசிறி) ஒன்று, புரொசசரின் உயரத்தையும் சேர்த்து, அடங்கிவிடும். செருகுவாய்கள் லொறியின் வால்பக்கம் பார்க்கட்டும், அங்கே 158.75 மில்லிமீற்றர் அகலமும் 44.45 மில்லிமீற்றர் உயரமும் உள்ள ஒரே துளையை வெட்டினால் பலகையுடன் வரும், செருகுவாய்களைச் சுற்றி மூடும் பின்தகடு அப்படியே பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன், தடித்த அட்டையில் 17 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றை வெட்டி உள்ளே வைத்துப் பாருங்கள். நான் முதன்முறை அந்த வேலையைச் சோம்பலில் தவிர்த்துவிட்டு, நல்ல தகடு ஒன்றைப் பாழாக்கினேன்.

ஈயப்பற்று:

அளவு தீர்ந்தது, மின்சாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எஸ்.எஃப்.எக்ஸ் மின்வழங்கியை விட்டுவிடுங்கள். இடம் ஒரு காரணம் மட்டுமே. 230 வோல்ற் மின்சாரம் தகட்டுப் பெட்டிக்குள் நுழைந்தால் பெட்டி முழுவதையும் முறையாகப் புவித்தொடுப்புச் செய்தாக வேண்டும் என்பதும், வீட்டில் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் கைகள் பல இருக்கும் என்பதும் முக்கியமான காரணங்கள். 35 வாற் வகுப்புப் புரொசசர் ஒன்றை எடுத்து, வெளியே கிடக்கும் 12 வோல்ற் அடப்டருடன், தாய்ப்பலகையின் 24 முனைச் செருகியிலேயே பொருந்தும் பிக்கோ எனும் மிகச் சிறிய வகை மின்வழங்கியைப் பயன்படுத்துங்கள். பழைய மடிக்கணினியின் 19 வோல்ற் அடப்டர் வீட்டில் இருக்கிறதே என்று அதைச் செருகிவிடாதீர்கள். சாதாரண பிக்கோ வகை உள்ளே வரும் 12 வோல்ற்றை அப்படியே பலகைக்குக் கடத்துவதால், 19 வோல்ற் கொடுத்தால் பலகையே எரிந்துபோகக்கூடும். 12 வோல்ற்றுக்கு மேலும் ஏற்கும், அகன்ற உள்ளீடு கொண்ட வகை தனியாக உண்டு. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் ஒருமுறை சுற்றினால் இவற்றின் விபரம் தெரிந்துவிடும்.

முன்விளக்குகளாக இரண்டு வெள்ளை எல்.ஈ.டி.களைப் பலகையில் கணினி இயங்குவதைக் காட்டும் விளக்குக்கான முனையில் சமாந்தரமாக இணையுங்கள். தொடராக இணைத்தால் இரண்டுக்குமாக ஏறத்தாழ 6 வோல்ற் தேவைப்படும். அந்த முனையிலோ 5 வோல்ற்றுக்கு மேல் கிடைக்காது என்பதால் அவை எரியமாட்டா. வன்தட்டு விளக்கின் முனையைப் பின்பக்கச் சிவப்பு விளக்குகளுக்குக் கொடுத்தால், கணினி கோப்புகளைப் படிக்கும்போதெல்லாம் லொறி பிரேக் பிடிப்பதுபோல் தோன்றும். பெட்டி தூக்கி இறங்க வேண்டுமென்றால், கபினுக்குச் செல்லும் வயர்களைக் கீலின் அருகே ஒரு சுற்றுத் தளர்வாக விடுங்கள். தூக்குமுன் பின்பக்கக் கேபிள்களைக் கழற்றவும் மறக்க வேண்டாம்.

மணற்குவியல் அழகான எண்ணந்தான், ஆனால் அது கூலரின் மூச்சை அடைத்துவிடும். கறுப்புக் கம்பிவலையால் மூடி, மின்வழங்கிக்கென நீங்கள் ஒதுக்கிய முன்பக்க இடத்தில் 80 மில்லிமீற்றர் விசிறி ஒன்றை, சூடான காற்றைக் கபினின் பின்னால் தள்ளும்படி பொருத்துங்கள். கொழும்பின் வெக்கையில் அறையே 30 பாகையைத் தாண்டும்போது, உள்ளே நுழையும் காற்று ஏற்கனவே சூடானது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

தகரக்கடை:

இன்னொன்று. நீங்கள் கடலோரத்தில் இருப்பவர். வெட்டிய விளிம்பை ஒரு வாரம் வெறுமையாக விட்டாலும் உப்புக்காற்றில் துருவேறிவிடும். வெட்டிய அன்றே அரத்தால் தேய்த்து, பிரைமர் பூசிவிடுங்கள். பழைய விளையாட்டுப் பொருட்களின் நிறப்பூச்சில் ஈயம் கலந்திருக்க இடமுண்டு என்பதால் நீர் தொட்டே தேய்க்க வேண்டும். பலகையை உள்ளே வைப்பதற்கு முன் எல்லா வெட்டு வேலைகளும் முடிந்திருக்க வேண்டும். இரும்புத்தூள் ஒரு துகள் பலகையில் தங்கினாலும் குறுஞ்சுற்று ஏற்படலாம். வை-ஃபை வேண்டுமென்றால் அன்ரெனாவை வெளியே எடுத்துவிடுங்கள், தகட்டுக்குள் அலை நுழையாது. கபினின் கூரையில் நட்டால் பொருத்தமாகவும் இருக்கும்.

வெள்ளவத்தைவாசி:

இருவருக்கும் நன்றி. அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தேன். தகட்டின் உட்புறத்தில் ஓடும் மடிப்பு ஒன்று தடுத்ததால் 6 சென்ரிமீற்றர் உயரத்தில்தான் நின்றது. அப்போதும் மேலே 5 சென்ரிமீற்றர் இருக்கிறது. மணற்குவியல் இல்லை என்பதில்தான் மகனுக்குச் சற்று வருத்தம்.